பதிவாகாமல் போன அலிகேட்ஸ் ஆண்டுகள்

லோரோங் குளிட் சந்தைக்கு நான் போனது மலிவாக ஒரு மேசை விளக்கு வாங்கத்தான். சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிக் காலை நேரத்தில் தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். ஜார்ஜ்டவுன்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. விளக்கு கிடைக்கவில்லை. ஒரு மலாய்ப் பெரியவரின் கடையில் இசைத்தட்டுகள் அடுக்கி இருந்தன. மேலே இருந்த தட்டின் உறையில், அடர்ந்து சுருண்ட தலைமுடியோடு சில இளைஞர்கள். நான் அதைக் கையில் எடுத்ததும் பெரியவர் சிரித்தார். “ஆடிக், இவங்க உங்க ஆளுங்கதானே? பினாங்குக்காரங்க. தெரியாதா?” என்று மலாயில் கேட்டார்.

பாட்டு தெரியும். ‘ஜிக்கா காவ் பெர்சிந்தா லாகி’ தெரியாத மலேசியர் உண்டா? இடைநிலைப்பள்ளிச் சிற்றுண்டிச் சாலை வானொலியில் நூறு முறை கேட்டிருக்கிறேன். ஆனால், அதைப் பாடிய குழுவில் இருந்தவர்கள் லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் என்பது எனக்கு இருபது வயதில், ஒரு மலாய்ப் பெரியவர் சொல்லித்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. தட்டின் விலையைக் கேட்டதும் இன்னும் கொஞ்சம் வெட்கத்தோடு அதைத் திரும்ப வைத்துவிட்டேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டு படித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். நம் கலைஞர்கள் யார் என்று கேட்டால் தமிழில் பாடியவர்களை மட்டும் எண்ணுகிறோம். 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவினர் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டுத் தமிழ்நாடு வரை பேர் வாங்கியதை நம் அண்ணன்மார் பெருமையாகச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால், அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்ப் பிள்ளைகள் மலாய்ப் பாட்டு பாடி நாடு முழுவதையும் தலையாட்ட வைத்திருக்கிறார்கள். அவர்கள் நம் பட்டியலில் இல்லை. மலாய்க்காரர்களின் பட்டியலிலோ அவர்களுக்கு முதல் வரிசை இடம்.

அன்று இரவு சித்தப்பாவோடு மாமாக் கடையில் உட்கார்ந்தபோது இதைச் சொன்னேன். அவரோடு வந்திருந்த நண்பர் பணி ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். நான் பேச்சை ஆரம்பித்ததுதான் தாமதம், இரண்டு பேரும் சண்டையே பிடித்துவிட்டார்கள். தே தாரிக் ஆறிப்போனது.

“தட்டுல கேக்கிறது அவங்கள்ல பாதிதான்மா. மேடையில கேட்டிருக்கணும்” என்றார் பெரியவர். தட்டு போடுவதற்கு முந்திய காலத்தில் அவர்கள் ஆங்கிலப் பாட்டுதான் பாடினார்கள், சோல் பாட்டு, ராக் பாட்டு எல்லாம் போகும், ஒரு பாட்டை எங்கே முடிப்பார்கள் என்று தெரியாது, ஆட்டம் நிற்கும் வரை வாசிப்பார்கள் என்று கையைத் தட்டிக் காட்டினார்.

சித்தப்பா விடவில்லை. “அண்ணே, கம்பெனி ஒப்பந்தம் போட்டுத் தட்டு வெளியிட்டதாலதான் இந்தப் பிள்ளைக்குப் பாட்டாவது தெரியுது. நீங்க கேட்டது உங்களோட போயிடும்ல?”

பெரியவர் பதில் சொல்லவில்லை. எனக்கும் அந்த இரவு தூக்கம் வரவில்லை. சித்தப்பா சொன்னது உண்மை. கொஞ்சம் கொடுமையான உண்மை.

அலிகேட்ஸ் குழு 1960களின் இறுதியில் பினாங்கில் உருவானது. அன்றைய பினாங்கில் நேரடி இசைக்கு நல்ல கிராக்கி. பட்டர்வொர்த் விமானத்தளத்தில் ஆஸ்திரேலிய விமானப்படையினர் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க வீரர்கள் ஓய்வுக்காக இங்கே வந்து போனார்கள். ஹோட்டல்களிலும் நடன அரங்குகளிலும் இசைக்குழு இல்லாமல் முடியாது. ‘டேலண்ட்டைம்’ போட்டிகள் வேறு. தமிழ், மலாய், சீன, யுரேசியப் பிள்ளைகள் ஒரே மேடையில் கித்தார் மாட்டிக்கொண்ட காலம் அது. 1969இல் பினாங்கின் வரியில்லாத் துறைமுக அந்தஸ்து பறிபோனது. வேலையில்லாத் திண்டாட்டம் ஊரை வாட்டியது. 1970களில் அலிகேட்ஸ் குழுவினர் ஹாங்காங் சென்று, அங்குள்ள இரவு விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் வாசித்தார்கள். மலாய் இசைத்தட்டுகளும் பெயரும் புகழும் அதற்குப் பிறகு வந்தவை. பாலிகிராம் நிறுவனத்தின் வழியாக 1970களின் இறுதியிலிருந்து அவர்களின் மலாய்ப் பாடல்கள் வெளிவந்தன. இசையமைப்பாளர் எம். நாசிர் அவர்களுக்குப் பல பாடல்களை அமைத்துக் கொடுத்தார். லோகநாதன் 2007 ஜூன் மாதம் மறைந்தார். டத்தோ டேவிட் ஆறுமுகம் அதன் பிறகும் குழுவை மேடையேற்றினார்.

ஆக, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அவர்கள் மேடையில் இருந்திருக்கிறார்கள். ‘ஹிங்கா அக்கிர் நந்தி’ பாடலில் நாம் கேட்கும் அந்தக் குரல் ஒற்றுமை ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே நாளில் வந்ததல்ல; ஆயிரக்கணக்கான இரவுகளில் வந்தது. அந்த இரவுகள்தான் நம்மிடம் இல்லை.

பீட்டில்ஸ் குழுவை எடுத்துக்கொள்வோம். லிவர்பூல் பையன்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து இரவு விடுதிகளில் வாசித்து வாசித்துத்தான் கை பழகினார்கள். 1962 ஜனவரி 1ஆம் நாள் டெக்கா நிறுவனத்தில் பாடிக் காட்டினார்கள். அந்த நிறுவனம் வேண்டாம் என்றுவிட்டது. அதே ஆண்டு இ.எம்.ஐ. நிறுவனம் எடுத்துக்கொண்டது. டிசம்பர் இறுதியில், முன்பே ஒத்துக்கொண்ட கடைசி நிகழ்ச்சிகளுக்காக ஹாம்பர்க்கின் ஸ்டார் கிளப்புக்கு மறுபடி போனார்கள். அங்கே அவர்களின் நண்பரான டெட் டெய்லர் என்ற இன்னொரு லிவர்பூல் பாடகருக்காக, கிளப்பின் மேடை நிர்வாகி வீட்டு உபயோக டேப் ரிக்கார்டர் ஒன்றில் அந்த நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தார். ஒரே ஒரு மைக்ரோபோன். ஒலித்தரம் மோசம். குடித்தவர்களின் கூச்சல் வேறு. பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த அந்த நாடா 1977இல் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தது. பீட்டில்ஸ் தரப்பு அதை விரும்பவில்லை. 1998இல் ஜார்ஜ் ஹாரிசன் லண்டன் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்; தீர்ப்பும் அவர்கள் பக்கமே வந்தது. விற்கும் உரிமை யாருக்கு என்பதை நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. ஆனாலும், உலகப் புகழ் வரும் முன் அந்த நால்வர் ஒரு சாதாரண இரவில் எப்படி வாசித்தார்கள் என்று நமக்குத் தெரிவது அந்த மோசமான நாடாவால்தான்.

பினாங்கில் அப்படி ஒரு டேப் ரிக்கார்டர் இருந்ததா? ஹாங்காங்கில்? யாருடைய அலமாரியிலாவது இருக்கிறதா? என் கேள்வி இவ்வளவுதான். இதைக் கேட்க நம்மிடம் அதிக நாள் இல்லை. 1970இல் இருபது வயது ரசிகராக மேடை முன் நின்றவர்கள் இன்று எழுபதின் நடுவில் இருக்கிறார்கள்.

கம்பெனி வைத்திருக்கும் மூலப்பதிவு மட்டும் பத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1998இல் பாலிகிராம் விற்கப்பட்டு யுனிவர்சல் மியூசிக்கோடு சேர்ந்தது. ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குக் கைமாறும்போது, பெட்டி பெட்டியாக நாடாக்களும் ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்குப் போகும். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஊழியர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார். 2008 ஜூன் 1ஆம் நாள் ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் தீப்பிடித்து, அங்கிருந்த இசை மூலப்பதிவுகள் எரிந்தன. 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் இழப்பு எவ்வளவு பெரியது என்ற பேச்சே எழுந்தது; எண்ணிக்கையை நிறுவனம் மறுத்தது. தங்கள் பதிவு எரிந்துபோனது பதினொரு ஆண்டுகளாகத் தெரியாமலே இருந்த பாடகர்கள் உண்டு.

நம் நாட்டில் 1986ஆம் ஆண்டின் சட்டப்படி, வெளியிடப்படும் நூல்களோடு ஒலிப்பதிவுகளின் படிகளையும் தேசிய நூலகத்தில் சேர்க்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ‘வெளியிடப்படும்’ என்பதைக் கவனியுங்கள். ஒத்திகை நாடா, மேடைப் பதிவு, வானொலிக்குப் பாடிய ஒரே ஒரு பாட்டு போன்றவற்றுக்கு அந்த வாசல் திறக்காது. பினாங்கு இசையைத் தேடித் தொகுத்தவர்கள் இல்லாமல் இல்லை. போல் அகஸ்டின், ஜேம்ஸ் லோக்ஹெட் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆங்கில நூல் 1930கள் தொடங்கி 1960கள் வரையிலான பினாங்கின் மக்கள் இசையைச் சொல்கிறது. மறு ஆண்டு கொம்தாரில் பினாங்கு இசை இல்லம் திறக்கப்பட்டது. பி. ரம்லியும் ஜிம்மி பாயலும் பிறந்த ஊருக்கு அப்படி ஓர் இடம் வந்ததே பெரிய காரியம். ஆனால் அந்த நூல் நிற்கும் இடத்தில்தான் அலிகேட்ஸ் கதை தொடங்குகிறது. அதற்கு மேல் எழுத வேண்டியவர்கள் யார்?

ஒப்பந்தம் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். மாமாக் கடைச் சண்டையில் இரண்டு பேரும் தொடாத விஷயம் இது. ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, இயற்றிய பாடல்: வரியும் மெட்டும். அது கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உரியது. இன்னொன்று, அதைப் பாடி எடுத்த ஒலிப்பதிவு. அது பெரும்பாலும் பணம் போட்ட நிறுவனத்துக்கு உரியது. நமது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் முதல் சொத்துக்கு இயற்றியவரின் வாழ்நாளும் அதன் பின் 50 ஆண்டுகளும் காப்பு. இரண்டாவதற்கு வெளியான ஆண்டுக்குப் பின் 50 ஆண்டுகள். அதாவது 1980இல் வெளிவந்த ஒரு தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2030 முடிவில் தீர்ந்துவிடும். மெட்டுப் போட்டவரின் உரிமை தீராது.

இதில் பாடகர் எங்கே நிற்கிறார்? பாட்டைத் தானே இயற்றாதவர் என்றால், தட்டு விற்பனையில் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுதிய உரிமைத்தொகைதான் அவருக்கு. இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் அது சின்னப் பங்காக இருக்கலாம். 1980களில் திருட்டு கேசட் சந்தையில் கொழித்தபோது அந்தச் சின்னப் பங்கும் கரைந்திருக்கும். அதனால்தான் பாடகருக்கு மேடை என்பது சோறு. அறுபது, எழுபது வயதிலும் பழைய பாட்டையே பாடிக்கொண்டு மேடையேறுகிறார்களே என்று கிண்டல் செய்யும் நண்பர்களுக்கு இது புரிய வேண்டும்.

2017இல் இளையராஜா தரப்பு எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியபோது நம் வீடுகளில் நடந்த விவாதம் நினைவிருக்கும். அமெரிக்காவில் மேடை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தவரிடம், அனுமதி இல்லாமல் என் பாடல்களைப் பாடாதே என்றால் கோபம் வராதா? என் அம்மா எஸ்.பி.பி. பக்கம். நான் அப்போது சின்னப் பிள்ளை, அம்மா பக்கம். இப்போது யோசித்தால் இளையராஜா கேட்டதிலும் நியாயம் தெரிகிறது: இயற்றியவருக்கும் ஒரு பங்கு போக வேண்டும். அதைத் தனிமனிதர்கள் ஒருவருக்கொருவர் கேட்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளத்தான் எம்.ஏ.சி.பி. போன்ற அமைப்புகள் நம் நாட்டில் இருக்கின்றன. நிகழ்ச்சி நடத்துபவர் உரிமக் கட்டணம் கட்டினால், அது இயற்றியவர்களுக்குப் போய்ச் சேரும். நாம் நடத்தும் கல்லூரிக் கலை இரவுகளில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்க்கிறோம்?

நம்மில் பாட்டு எழுதுபவர்கள், ராப் பாடுபவர்கள், குழு வைத்திருப்பவர்கள் இன்று ஒப்பந்தத்தைக் கைப்பேசித் திரையில் படிக்கிறார்கள். படிக்கிறார்கள் என்பதுகூடப் பொய். கீழே இழுத்துவிட்டு ‘சம்மதம்’ அழுத்துகிறார்கள். பாட்டை வெளியில் சேர்க்க மட்டும் ஒப்புக்கொள்கிறோமா, மூலப்பதிவையே எழுதிக் கொடுக்கிறோமா, எத்தனை ஆண்டுகளுக்கு? டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆறு தொகுப்புகளின் மூலப்பதிவுகள் 2019இல் அவர் விரும்பாத கைக்குப் போயின. 2021 முதல் அவற்றைத் திரும்பப் பாடி வெளியிடத் தொடங்கினார். 2025இல்தான் மூலப்பதிவுகளை விலை கொடுத்து வாங்க முடிந்தது. அவரிடம் பணம் இருந்தது. நம்மிடம் இருப்பது கல்விக்கடன்.

இதை எழுதும்போது என் சொந்த அனுபவம் ஒன்று உறுத்துகிறது. எஸ்.டி.பி.எம். படித்தபோது பள்ளியில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். நான் கீபோர்டு. சொந்தமாக இரண்டு தமிழ்ப் பாடல்கள். கலை நிகழ்ச்சியில் வாசித்தோம், நல்ல கைத்தட்டல். அந்த இரவில் ஐம்பது கைப்பேசிகள் எங்களைப் படம் பிடித்தன. இன்று அந்த இரண்டு பாடல்களையும் முழுதாகக் கேட்க வழியில்லை. நாற்பது விநாடித் துண்டுகள் இருந்தன. கைப்பேசி மாறியதில், கணக்கு மூடியதில் அவையும் போயின. மெட்டு எனக்கு நினைவிருக்கிறது, இரண்டாவது சரணத்தின் வரிகள் ஐந்து பேரில் யாருக்கும் நினைவில்லை. மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. கருவி இல்லாத காலத்து மனிதர்களை நாம் குறை சொல்ல முடியுமா?

ஆகவே, நம் பல்கலைக்கழக இந்திய மாணவர் கழகங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சினிமாப் பாட்டு இரவு நடத்துகிறோம், நடத்துவோம். அதற்குச் செலவாகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆளுக்கொரு குடும்பமாகப் போவோம். தாத்தா, பெரியப்பா, பக்கத்து வீட்டு அங்கிள் என்று அந்தக் காலத்து மேடைகளைப் பார்த்தவர்களிடம் பேசிப் பதிவு செய்வோம். எந்த ஹோட்டல், எந்த ஆண்டு, யார் டிரம்ஸ் வாசித்தார், என்ன சட்டை, டிக்கெட் எவ்வளவு. அலிகேட்ஸ் மட்டும் அல்ல. அவர்களோடு மேடையேறித் தட்டே போடாமல் வீட்டுக்குப் போய்விட்ட குழுக்கள் எத்தனை இருந்திருக்கும்! அவர்களுக்கு மூலப்பதிவு என்று ஒன்றும் இல்லை. ரசிகர்களின் ஞாபகம்தான் மூலப்பதிவு.

கேசட், டேப் கிடைத்தால் அவசரப்பட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் நாடாவின் மேல் பூஞ்சை படிந்திருக்கும். வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் அதைத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். ஓடாமல் கிடந்த பிளேயரின் ரப்பர் பெல்ட் உருகிப் பிசினாகி இருக்கலாம். அது நாடாவைத் தின்றுவிடும். இசைத்தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிற்க வையுங்கள். கணினிக்கு மாற்றும்போது எம்பி3 வேண்டாம், அது ஒலியில் ஒரு பகுதியை வெட்டிவிடும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ‘வேவ்’ கோப்பாக வைப்பதே ஆவணக் காப்பாளர்கள் விரும்பும் வழக்கம். யார், எங்கே, எப்போது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். பெயரில்லாத நாடா பாதி இறந்த நாடா. பாதுகாப்பது ஒன்று, இணையத்தில் ஏற்றுவது வேறொன்று. பாடியவரின் அனுமதி இல்லாமல் இரண்டாவதைச் செய்தால் ஹாரிசன் கேட்ட கேள்வியை நம்மையும் கேட்பார்கள்.

அரிய தட்டுகளை வைத்திருக்கும் சேகரிப்பாளர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களால்தான் அவை குப்பைக்குப் போகாமல் இருக்கின்றன. ஆனால் யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்து, எதிர்காலத்தில் விவரம் தெரியாத ஒருவர் கையில் மொத்தமாக எடைக்குப் போகுமானால், கிடங்கில் வைத்துத் தொலைத்த கம்பெனிக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

போன வாரம் மாமாக் கடைப் பெரியவரை மறுபடி பார்த்தேன். அந்த மேடை இரவுகளைப் பற்றி முழுதாகச் சொல்ல முடியுமா, நான் பதிவு செய்துகொள்கிறேன் என்றேன். “எனக்கென்னம்மா தெரியும், நான் சும்மா கைத்தட்டினவன்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, பழைய வீட்டிலிருந்து மாறி வந்தபோது கட்டிய ஒரு பிஸ்கட் டின் இன்னும் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, அதில் கேசட்டுகள் இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வா என்றார். சித்தப்பா தன் பழைய பிளேயரைப் புது பெல்ட் மாற்றக் கொடுத்திருக்கிறார்.